சாய்த்துக் கட்டிய சிவப்பு ரோஜா



பாகல் கொடிக்குப் பற்றுக்கம்பி உண்டு. அவரைக்கொடி பந்தல் காலைத் தானே சுற்றிக்கொண்டு ஏறும். வெற்றிலைக்குக் கணுவுக்குக் கணு வேர் இருக்கிறது. அகத்தித் தண்டை அது பிடித்துக்கொள்ளும். கொடி ரோஜாவுக்கு இதில் எதுவுமே இல்லை. நீளமான தண்டை வெயில் வரும் பக்கம் வீசும். வழியில் ஒரு கிளை அகப்பட்டால், கீழ்நோக்கி வளைந்த முட்களால் மாட்டிக்கொண்டு நிற்கும். நம் பழனி மலையிலும் நீலகிரியிலும் சோலைக்காடுகளின் ஓரத்தில் ரோசா லெஷனால்டியானா என்ற வெள்ளைக் காட்டு ரோஜா இப்படித்தான் கிளைக்குக் கிளை தொற்றி மேலே போகிறது. வீட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளக் கிளை ஏது? அந்த வேலையை நாம்தான் செய்துகொடுக்க வேண்டும். எப்படிச் செய்துகொடுக்கிறோம் என்பதில்தான் சுவர் நிறையப் பூவா, உச்சியில் இரண்டே பூவா என்பது இருக்கிறது.

சிவப்புக் கொடி ரோஜா வைத்திருப்பவர்களிடம் நான் அதிகம் கேட்கும் குறை இது: “மாடி வரைக்கும் போயிடுச்சு. ஆனா பூ மட்டும் உச்சியில ரெண்டோ மூணோ. கீழே எல்லாம் வெறும் தண்டு.” இதற்கு இரண்டு வைத்தியம் பார்க்கிறார்கள். உரம் போதவில்லை என்று இன்னும் கொஞ்சம் போடுகிறார்கள். அல்லது, சாதாரணச் செடி ரோஜாவுக்குச் செய்வதுபோல் ஐப்பசியில் முழங்கால் உயரத்துக்குக் கவாத்து செய்துவிடுகிறார்கள். உரம் போட்டால் தண்டு இன்னும் நீளும். வெட்டிவிட்டாலோ, இழந்த தண்டை மறுபடி வளர்ப்பதிலேயே செடியின் ஆண்டு போய்விடும். அந்தச் செடிக்கு வேண்டியது கத்தரி இல்லை, நார். நிமிர்ந்து நிற்கும் தண்டைச் சாய்த்து, தரைக்கு இணையாகக் கட்ட வேண்டும்.

ஏன் என்று சொல்கிறேன். எந்தத் தண்டிலும் உச்சிக் குருத்து ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருளைச் சுரந்து கீழே அனுப்பிக்கொண்டே இருக்கும். அது இறங்கிவரும் வழியெல்லாம் பக்க மொட்டுகளை அடக்கி வைக்கும். தண்டு செங்குத்தாக நிற்கும்வரை உச்சியின் கைதான் ஓங்கியிருக்கும். அதே தண்டைப் படுக்கவைத்தால் உச்சி தலைமையை இழக்கிறது. தண்டு நெடுக, மேல்பக்கம் பார்த்திருக்கும் மொட்டுகள் ஒவ்வொன்றாகக் கண் திறக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு சாண், ஒன்றரைச் சாண் நீளத்தில் பக்கக்கிளை விடும். அதன் நுனியில் பூ வரும். ஒரு ஆள் உயரத் தண்டில் உச்சியில் ஒரு கொத்து என்று இருந்தது, கணுவுக்குக் கணு பூவாக மாறுகிறது. உரத்தால் முடியாத வேலை இது.

இதற்குப் பின்னால் இன்னும் ஆழமான கதை ஒன்று உண்டு. ரோஜாவுக்குள் கொடியாக நீளும் குணமும் ஓயாமல் பூக்கும் குணமும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருக்கின்றன. காட்டு ரோஜாக்கள் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறைதான் பூக்கும். அந்தப் பருவம் முடிந்ததும் ‘பூத்தது போதும், இனிக் கிளை விடு’ என்று செடிக்குச் சொல்லும் மரபணு ஒன்று அவற்றில் வேலை செய்கிறது. சீனத்து ரோஜாக்களில் அந்த மரபணுவுக்குள் வேறொரு டி.என்.ஏ. துண்டு வந்து உட்கார்ந்துவிட்டது, மரபணு ஊமையாகிவிட்டது. அதனால் அவை குட்டையாக நின்று ஆண்டு முழுவதும் பூக்கின்றன. சில சமயம் அப்படிப்பட்ட ஒரு செடியில் திடீரென ஒரு கிளை மட்டும் கொடியாக நீண்டு போகும். உட்கார்ந்திருந்த அந்தத் துண்டின் பெரும்பகுதி வெளியேறி, மரபணு மறுபடி பேசத் தொடங்கியதுதான் காரணம் என்று 2012இல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. கொடி வந்தது, கூடவே ஓயாமல் பூக்கும் குணம் குறைந்தது.

இதில் சிவப்பு நிறம் எங்கிருந்து வந்தது என்பதும் சேர்ந்திருக்கிறது. ஐரோப்பாவின் பழைய சிவப்பு ரோஜாக்களில் ஊதாச் சாயல் கலந்திருக்கும். ஊதா கலக்காத இரத்தச் சிவப்பு, திரும்பத் திரும்பப் பூக்கும் குணத்தோடு சேர்ந்து, 1790களில் சீனத்திலிருந்து அங்கே போய்ச் சேர்ந்தது. அந்தக் கப்பல்கள் கல்கத்தாவில் தங்கிப் போனதால் பிரெஞ்சுக்காரர்கள் சீன ரோஜாக்களை வங்காள ரோஜா என்றே அழைத்தார்கள்.

சிவப்புக் கொடிக்கு முதல் பெரும் மவுசு வந்தது 1893இல். டோக்கியோவில் பொறியியல் பேராசிரியராக இருந்த ராபர்ட் ஸ்மித் 1878இல் ஜப்பானிலிருந்து அனுப்பிய செடி ஒன்று, அந்த ஆண்டு கிரிம்சன் ராம்ப்ளர் என்ற பெயரில் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. கொத்துக்கொத்தாகப் பூக்கும், ஆனால் ஆண்டுக்கு ஒருமுறைதான். சாம்பல் நோயும் விடாது. 1916இல் பால்ஸ் ஸ்கார்லெட் வந்தது. நிறம் நல்ல பளிச்சென்ற சிவப்பு. அதுவும் ஏறக்குறைய ஒரு பருவப் பூதான்.

திருப்பம் 1930இல் வந்தது, அதுவும் ஒரு வெளிர் ரோஜா நிறக் கொடியிலிருந்து. ஒரு பருவம் மட்டும் பூத்துவந்த டாக்டர் வேன் ஃப்ளீட் என்ற கொடியில், கொடியாகவே இருந்துகொண்டு மறுபடி மறுபடி பூக்கும் மாறுதல் ஒன்று அமெரிக்காவில் தோன்றியது. நியூ டான் என்று பெயர் வைத்தார்கள். உலகிலேயே முதன்முதலில் காப்புரிமை பெற்ற செடி அதுதான், ஆண்டு 1931. இன்று நாம் விரும்பி வாங்கும் இரண்டு சிவப்புக் கொடிகளுக்கு அது முன்னோர். இத்தாலியின் மலாண்ட்ரோனே உருவாக்கி 1958இல் வெளிவந்த டான் ஜுவான் ஒன்று: வெல்வெட் போன்ற கருஞ்சிவப்பு, நல்ல வாசனை, எட்டிலிருந்து பத்தடி உயரம். மற்றது நியூசிலாந்தில் சாம் மெக்ரெடி 1970களில் தந்த டப்ளின் பே: வாசனை குறைவு, ஆனால் பளிச்சென்ற சிவப்பு, நோய் அதிகம் அண்டாத இலை.

நம் ஊர் வெயிலுக்கென்றே ரோஜா வேண்டும் என்று உழைப்பவர்களும் இருக்கிறார்கள். கொடைக்கானலில் எம்.எஸ். வீரராகவனும் கிரிஜா வீரராகவனும் மணிப்பூரின் ரோசா ஜைஜாண்டியா, தாழ்நிலத்துச் சூட்டிலும் ஈரத்திலும் வளரும் ரோசா கிளினோபில்லா ஆகிய நம் நாட்டுக் காட்டு ரோஜாக்களைக் கொண்டு பல ஆண்டுகளாகப் புது ரகங்களை உருவாக்கிவருகிறார்கள். மதிப்பு மிக்க பணி அது. குளிர்நாட்டு ரோஜாவை வாங்கிவந்து நம் சித்திரை வெயிலோடு போராடுவதைவிட, வெயிலில் பிறந்த ரோஜா நமக்குப் பொருத்தமானது.

சரி, கடைக்குப் போகிறோம். நர்சரிகளில் பல நேரம் ரகத்தின் பெயரே இருக்காது. ‘சிவப்புக் கொடி ரோஜா’ என்று மட்டும் சொல்லித் தருவார்கள். இரண்டு கேள்வி கேளுங்கள். ஆண்டில் எத்தனை முறை பூக்கிறது? இது பிறப்பிலேயே கொடியா, இல்லை செடி ரோஜாவிலிருந்து மாறிய கொடியா? பெயருக்கு முன்னால் கிளைமிங் என்று இருந்தால், கிளைமிங் கிரிம்சன் குளோரி என்பதுபோல, அது மாறிய கொடி. அந்த வகையை அடியோடு வெட்டினால் மறுபடி குட்டைச் செடியாகவே திரும்பிவிடக்கூடும். ஐப்பசிக் கவாத்து வேண்டாம் என்று நான் வற்புறுத்துவதற்கு இது இன்னொரு காரணம்.

இடம்தான் அடுத்தது. ஒரு நாளைக்கு ஆறு மணி நேர வெயில் வேண்டும். சமவெளியில் இருப்பவர்கள் கிழக்குச் சுவரைக் கொடுங்கள். காலை வெயில் முழுவதும் கிடைக்கும். பிற்பகலில் சுவரே நிழல் தரும். மேற்குச் சுவர் வேண்டாம். சிவப்புப் பூவுக்கு அங்கே இரட்டைத் தண்டனை: கருஞ்சிவப்பு இதழ் வெயிலை அதிகம் உறிஞ்சி ஓரம் கருகும், பகலெல்லாம் காய்ந்த சுவர் இரவிலும் சூட்டை வீசிக்கொண்டிருக்கும். சிவப்புக்குக் காரணமான நிறமி குளிரில்தான் நன்றாகச் சேரும். மார்கழியில் கருஞ்சிவப்பாக, உள்ளங்கை அகலத்துக்கு விரிந்த அதே கொடி வைகாசியில் சிறுத்து வெளிறிய பூ பூத்தால் நோய் என்று பயப்படாதீர்கள், அது பருவம். ஊட்டி, கோத்தகிரி, ஏற்காடு பக்கம் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அவர்கள் தெற்குச் சுவரைக்கூடத் தாராளமாகக் கொடுக்கலாம்.

சுவரை ஒட்டிக் குழி எடுக்காதீர்கள். ஒன்றரை அடி தள்ளி எடுங்கள். சுவரடியில் மழைநீர் விழாது. மண் காய்ந்தே கிடக்கும். தவிர, கட்டிடம் கட்டியபோது சிந்திய சிமென்ட்டும் சுண்ணாம்பும் அங்கேதான் கலந்திருக்கும். ரோஜாவுக்கு இலேசான புளிப்பு மண்தான் பிடிக்கும். கார அமில நிலை ஆறிலிருந்து ஏழுக்குள். சுண்ணாம்பு ஏறிய மண்ணிலும், உப்பு மிகுந்த ஆழ்குழாய்த் தண்ணீரிலும் செடியால் இரும்புச் சத்தை எடுக்க முடியாது. இளந்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அப்படிக் கண்டால் அன்னபேதி உப்பை லிட்டருக்கு ஐந்து கிராம் கரைத்து மாலையில் இலையில் தெளியுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் புதுத் தளிர் பச்சைக்குத் திரும்பும். நிலையான வழி, மண்ணில் தொழு உரத்தைக் கூட்டுவதும் மழைநீரைச் சேர்த்து ஊற்றுவதும்தான்.

குழி ஒன்றரை அடி நீள, அகல, ஆழம். தோண்டிய மேல்மண்ணோடு 10 கிலோ மக்கிய தொழு உரம், இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. ஒட்டுப்போட்ட முடிச்சு மண்ணுக்கு மேலே இரண்டு விரற்கடை தெரியும்படி நடுங்கள். சுவர்ப்பக்கமாகச் செடியைச் சற்றுச் சாய்த்தே நடலாம்.

நடும் அன்றே கம்பியும் அடித்துவிடுங்கள். செடி வளர்ந்த பிறகு முட்களுக்கு நடுவே கை விட்டு ஆணி அடிப்பது பெரும் பாடு. முதல் கம்பி தரையிலிருந்து ஒன்றரை அடியில். அதற்கு மேல் ஓரடிக்கு ஒன்று. கம்பி சுவரிலிருந்து நான்கு விரல் அளவாவது விலகி நிற்க வேண்டும். அந்த இடைவெளியில் காற்றோடினால் பாதி நோய் வராது.

முதல் இரண்டு ஆண்டுகள் பொறுமை வேண்டும். செடி அப்போது அடியிலிருந்து நீண்ட தண்டுகளைத்தான் விடும். பூ குறைவு. இந்தக் காலத்தில் காய்ந்த குச்சியைத் தவிர எதையும் வெட்டாதீர்கள். இந்தத் தண்டுகள்தான் பின்னால் பூ தாங்கப்போகிற சட்டம்.

தண்டு பச்சையாக, வளையும் பதத்தில் இருக்கும்போதே கட்டத் தொடங்குங்கள். காலையில் தண்டு நீர் நிறைந்து விறைத்திருக்கும், டக்கென்று ஒடிந்துவிடும். பிற்பகலில் சற்றுத் தளர்ந்திருக்கும், அப்போது கேட்கும். அடியிலிருந்து விசிறிபோல் விரித்து, ஒன்றை இடப்பக்கம், ஒன்றை வலப்பக்கம் என்று கொண்டுபோங்கள். ஒரே நாளில் படுக்கவைக்க வேண்டியதில்லை. இந்த வாரம் சற்றுச் சாய்த்து, அடுத்த வாரம் இன்னும் சாய்த்து என்று பதமாகக் கொண்டுவரலாம். கட்டுவதற்கு வாழைநார் போதும். கொடிக்காலில் வெற்றிலையைக் கட்டுகிறவர்களின் நார்தான். பழைய நூல்புடவைக் கிழிசலும் நல்லது. கட்டுக்கம்பியும் பிளாஸ்டிக் கயிறும் வேண்டாம். தண்டு பருக்கும்போது சதையை அறுக்கும். எட்டு வடிவத்தில், ஒரு வளையம் கம்பிக்கு, ஒரு வளையம் தண்டுக்கு என்று தளர்வாகக் கட்டுங்கள்.

சுவர் இல்லை, போர்டிகோத் தூண்தான் இருக்கிறது என்பவர்கள் தண்டைத் தூணைச் சுற்றிச் சுற்றி ஏற்றுங்கள். நேராக மேலே விடாதவரை அது சாய்ந்த தண்டுதான், அடியிலிருந்தே பூக்கும். மாடியில் வளர்ப்பவர்களுக்கு 20 அங்குலத்துக்குக் குறையாத தொட்டி வேண்டும். கிரில் கம்பியே போதுமான பந்தல்.

மூன்றாம் ஆண்டிலிருந்து கவாத்து. செடி ரோஜாவில் தண்டை வெட்டுகிறோம். இதில் பூத்து முடிந்த பக்கக்கிளையை மட்டும் இரண்டு மூன்று கணு விட்டு நறுக்குகிறோம். நறுக்கியதிலிருந்து ஏறக்குறைய 45 நாளில் அடுத்த பூ. மார்கழியில் வாசல் சிவக்க வேண்டும் என்றால் ஐப்பசிக் கடைசியில் பக்கக்கிளைகளை நறுக்குங்கள். பழுத்துப் பட்டை தடித்த தண்டு ஒன்றை மட்டும், அதன் இடத்துக்கு இளந்தண்டு தயாராக இருந்தால், ஆண்டுக்கு ஒன்று என்று அடியோடு எடுக்கலாம். வடகிழக்குப் பருவமழையில் வெட்டினால் வெட்டுவாய் வழியாக நுனிக்கருகல் இறங்கும். வெட்டிய இடத்தில் காப்பர் ஆக்சிகுளோரைடைக் குழைத்துத் தடவிவிடுங்கள். ஏற்கெனவே கருகல் இறங்கியிருந்தால், நடுச்சோறு வெள்ளையாகத் தெரியும் இடம்வரை வெட்ட வேண்டும்.

மழைக்காலத்தின் இன்னொரு எதிரி கரும்புள்ளி நோய். இலை தொடர்ந்து ஏழு மணி நேரம் நனைந்திருந்தால் அந்தப் பூஞ்சணம் முளைத்து உள்ளே போய்விடும். ஆகவே சாயங்காலம் குழாயைப் பிடித்துச் செடியைக் குளிப்பாட்டுவதை விட்டுவிடுங்கள். காலையில், வேரடியில் ஊற்றுங்கள். புள்ளி விழுந்து உதிர்ந்த இலையைப் பொறுக்கி எரித்துவிட வேண்டும், உரக்குழியில் போடக்கூடாது. கோடையில் இலையின் அடியில் மெல்லிய நூலாம்படை தெரிந்தால் சிவப்புச் சிலந்தி வந்திருக்கிறது. அதற்கு மட்டும் விடியற்காலையில் இலையடியில் தண்ணீரை வேகமாக அடிக்கலாம். வெயில் ஏறியதும் இலை காய்ந்துவிடும். அசுவினிக்கும் இலைப்பேனுக்கும் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சோப்புக் கரைசலோடு.

கொடி ரோஜாவுக்கென்றே உள்ள தொல்லை செதில் பூச்சி. செடி ரோஜாவில் தண்டு ஆண்டுதோறும் வெட்டுப்படுவதால் அது தங்க முடியாது. இங்கே ஒரே தண்டு பல ஆண்டு நிற்கிறது. சொரி பிடித்ததுபோல் அப்பிக்கொள்ளும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை வேப்பெண்ணெய்க் கரைசலில் தொட்டுத் தேய்த்து எடுப்பதுதான் நான் கண்ட நல்ல வழி.

“சிவப்புன்னு வாங்கினேன், ரெண்டு வருஷத்துல வேற பூ பூக்குது” என்று சொல்பவர்கள் உண்டு. ரோஜா நிறம் மாறவில்லை. ஒட்டுக்கு அடியிலிருக்கும் வேர்ச்செடி, ஒட்டு முடிச்சுக்குக் கீழே குருத்து விட்டு, மேலே இருக்கும் சிவப்பை நசுக்கிவிட்டது. இலையின் எண்ணிக்கையைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. மண்ணை விலக்கி, குருத்து எங்கே புறப்படுகிறது என்று பாருங்கள். முடிச்சுக்குக் கீழே என்றால், கத்தியால் அறுக்காமல் கையால் கீழ்நோக்கி இழுத்துப் பிய்த்தெடுங்கள். அறுத்தால் மிச்சமிருக்கும் அடிக்கணு மறுபடி துளிர்க்கும்.

இந்தத் தொல்லையே இல்லாமல் செய்ய ஒரு வழி, செடியைச் சொந்த வேரில் வளர்ப்பது. ஜெர்மனியில் ஹில்டஸ்ஹைம் நகரத்துப் பேராலயத்தின் சுவரில் பல நூற்றாண்டுப் பழமையான காட்டு ரோஜா ஒன்று ஏறி நிற்கிறது. 1945 மார்ச்சில் குண்டு விழுந்து பேராலயம் இடிந்தபோது அது எரிந்து இடிபாட்டுக்குள் புதைந்தது. வேர் சாகவில்லை. சில வாரங்களில் அடியிலிருந்து புதுத் தளிர்கள் கிளம்பின. கிளம்பியது அதே ரோஜா. ஒட்டுச்செடியாக இருந்திருந்தால் வேர்ச்செடிதான் முளைத்திருக்கும்.

சொந்த வேருக்குப் பதியன் போதும். நீண்டு வளையும் தண்டுள்ள கொடி ரோஜாவைவிடப் பதியனுக்கு வாகான ரோஜா கிடையாது. தை, மாசியில் பென்சில் பருமனுள்ள ஒரு தண்டைத் தரைவரை வளைத்து, மண் தொடும் இடத்தில் அடிப்பக்கப் பட்டையை ஓர் அங்குலம் சீவி, மணலும் மக்கிய உரமும் கலந்த மண்ணில் புதைத்து மேலே ஒரு கல்லை வையுங்கள். நுனி வெளியே நிமிர்ந்து நிற்கட்டும். ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் இரண்டு மூன்று மாதத்தில் வேர் பிடிக்கும். தாய்த்தண்டிலிருந்து அறுத்து, பையில் மாற்றி, பத்து நாள் நிழலில் வைத்துப் பிறகு வெயிலுக்குக் கொண்டுவாருங்கள். அந்தச் செடிக்கு அடியிலிருந்து எந்தக் குருத்து வந்தாலும் சிவப்பாகத்தான் பூக்கும். பிய்த்தெறிய வேண்டியதில்லை, அதையும் சேர்த்துக் கம்பியில் கட்டிக்கொள்ளலாம்.